செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்

ஓவியக் கூடத்தின் வாசலில் முப்பது ஜோடிச் செருப்புகள் கிடந்தன. உள்ளே தரை கழுவுகிறார்கள் என்றுதான் சின்னவள் முதலில் நினைத்தாள்.

அது அவளுடைய கண்காட்சியின் மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் வந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒருவர் கழிப்பறையைத் தேடி வந்தவர். போகிற போக்கில் ஓவியத்தை அண்ணாந்து பார்த்து, "பெருசா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையையே விமர்சனமாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள் சின்னவள். இருபது வருடமாக வரைகிறவளுக்கு அந்த வித்தை தெரியும். வயது நாற்பத்து நாலு ஆனாலும், மூத்தவள் ஒருத்தி இருப்பதால், குடும்பத்தில் எல்லாருக்கும் அவள் இன்னும் சின்னவள்தான்.

"செருப்பை இங்கயே விட்டுடுங்கம்மா," என்றார் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி.

"நான்தாங்க வரைஞ்சவ."

"வரைஞ்சவங்கன்னா உங்களுக்குத்தானே முதல்ல தெரிஞ்சிருக்கணும்? வாசலுக்கு மேல கொட்டை எழுத்துல எழுதிப் போட்டிருக்கு."

"என்னன்னு?"

"செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்னு."

சின்னவள் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். அது அறிவிப்பு இல்லை. அவளுடைய ஓவியத்தின் தலைப்பு.

நடந்தது இவ்வளவுதான். தலைப்பு ஓர் அட்டையிலும் அவள் பெயர் இன்னோர் அட்டையிலும் அச்சாகி வந்திருந்தன. பெயர் அட்டை பசை போதாமல் முதல் நாளே விழுந்து, பெருக்கும்போது குப்பையோடு போய்விட்டது. தலைப்பு அட்டை ஓவியத்தின் பக்கத்தில் ஒட்ட இடம் போதாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. கூடத்தை நடத்துகிறவர், தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று, முந்தின நாள் மாலை அதை எடுத்து நுழைவாயிலின் நிலைமேல் ஒட்டிவிட்டார். மறுநாள் காலை முதலில் வந்தவர் நிமிர்ந்து படித்தார், கழற்றினார். இரண்டாவது வந்தவர் படிக்கக்கூட இல்லை. முதல் ஜோடியைப் பார்த்துக் கழற்றினார். வெறுங்காலோடு ஓர் அறைக்குள் நுழைகிறவனுக்குத் தானாகவே குரல் தாழ்ந்துவிடும். குரல் தாழ்ந்தால் தலையும் கொஞ்சம் குனியும். குனிந்த தலை நிமிரும்போது எதிரே ஓவியம்.

ஒன்றரை ஆள் உயரம். நடுவில் ஒரு நட்சத்திரம், சினிமா நட்சத்திரம், தெய்வத்தைப் போல நின்றாள். தலைக்குப் பின்னால் தங்க ரேக்கு ஒட்டிய ஒளிவட்டம். கிட்டே போய்ப் பார்த்தால் அது ஒளிவட்டம் இல்லை, வீடியோ எடுக்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் ரிங் லைட். ஸ்டாண்டின் மூன்று காலும், சுவரில் சொருகிய ஒயரும் கீழே தெரியும். காலடியில் வரிசையாக விளக்குகள். கிட்டே போனால் அத்தனையும் ஒளிரும் கைபேசிகள். காணிக்கைத் தட்டில் ஷாம்பு பாட்டில், லிப்ஸ்டிக், ஜிம் டம்பெல். வலது கை உயர்ந்து, உள்ளங்கை வெளியே தெரிய, அருள் வழங்கியது.

அது அருளும் இல்லை. காரிலிருந்து இறங்குகிற பிரபலம், மொய்க்கும் கேமராக்காரர்களிடம் 'போதும், தள்ளு' என்று காட்டுகிற கை. தள்ளு என்கிற கையும் அஞ்சாதே என்கிற கையும் பார்வைக்கு ஒன்றுதான். தள்ளிவிடுகிற கையையே கும்பிடுகிற நம்மை என்னவென்று சொல்வது? பார்க்கிறவர்கள் முதலில் பணிவார்கள், பிறகு ஒயரைப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள், கடைசியில் கொஞ்சம் வெட்கப்படுவார்கள் என்று சின்னவள் படிப்படியாகத் திட்டம் போட்டு வைத்திருந்தாள்.

கூட்டம் முதல் படியோடு நின்றுவிட்டது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்த கதை.

"சார், அந்த அட்டையை எடுத்துடுங்க," என்று கூடத்துக்காரரைப் பிடித்துச் சொன்னாள்.

அவர் உட்காரக்கூட முடியாத பரவசத்தில் இருந்தார். "எதுக்கு மேடம் எடுக்கணும்? பதினெட்டு வருஷமா இந்தக் கூடம் நடக்குது. இவ்வளவு பாதத்தை நான் பாத்ததே இல்ல!"

"தப்பாப் புரிஞ்சுக்கறாங்க சார். இது கிண்டல்."

"கிண்டல்தான், யாரு இல்லன்னா? சத்தம் போடாம சொல்லுங்க. உள்ள எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க."

உள்ளே ஒரு பெண் ஓவியத்துக்கு முன் நின்று, தன் தலை சரியாக அந்த உள்ளங்கைக்குக் கீழே வருகிற மாதிரி முழங்காலை வளைத்து, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அழகு நிலையம் நடத்துகிறவள். முந்தின நாள் மழைக்கு ஒதுங்கிய நால்வரில் ஒருத்தி. அன்று விளையாட்டாக எடுத்துப் போட்ட படத்துக்கு நாலாயிரம் லைக் வந்ததாம்.

"இதுக்கு முன்னாடி எனக்கு ஆறு லைக்குக்கு மேல வந்ததில்லைங்க," என்று அவள் வரிசையில் நின்றவர்களிடம் சாட்சி சொன்னாள். "அதுலயும் ஒண்ணு எங்க வீட்டுக்காரர், ஒண்ணு நானே போட்டது."

அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மத்தியானத்துக்குள் ஓவியத்துக்கு 'லைக்கம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது.

சின்னவள் வெறுங்காலோடு கூட்டத்தின் கடைசியில் போய் நின்றாள். இந்த ஓவியத்தை அவள் இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததே இல்லை. அவள் வரைகிற அறையில் பின்னால் நகர்ந்தால் கட்டில் இடிக்கும். இரண்டு தலைகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் அந்த முகத்தைப் பார்த்தாள். 

அது அக்காவின் முகம்.

அக்கா ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் கவுன்ட்டரில் இருக்கிறாள். குடை, பை, பல்செட், ஒரு முறை உயிருள்ள ஆமை, எதைத் தொலைத்தவரும் அவளிடம்தான் வரவேண்டும். வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். அக்கா வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுவாள்: "கொஞ்சம் இருங்க." நாளைக்கு முந்நூறு தடவை. ஓவியத்துக்கு ஒரு கை தேவைப்பட்டபோது சின்னவளுக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

"கை மட்டும்தான்," என்று அக்கா அப்போதே கறாராகச் சொல்லியிருந்தாள். "மூஞ்சி வந்துச்சு, அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்றால் என்ன என்று சின்னவளுக்குத் தெரியும். எட்டு வயதில் அவள் அக்காவைச் சிரிக்கிற மாதிரி வரைந்தாள். அக்காவுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, யார் வந்திருக்கிறார்கள் என்பது போல வெளியே எட்டிப் பார்க்கும். சின்னவள் அதை உள்ளது உள்ளபடி வரைந்தாள். படம் பரிசு வாங்கியது, பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் தொங்கியது. அக்கா மூன்று மாதம் பேசவில்லை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே சோப்பைப் போட்டுக்கொண்டு, மூன்று மாதம். அன்றிலிருந்து வாயைக் கையால் மூடாமல் அக்கா சிரித்ததில்லை.

முகம் முதலில் நிஜ நடிகை ஒருத்தியுடையதாகத்தான் இருந்தது. "வக்கீல் நோட்டீஸ் வரும் மேடம், மாத்திடுங்க," என்று கூடத்துக்காரர் கடைசி வாரத்தில் பயந்தார். யாருடையதும் இல்லாத ஒரு முகத்தை வரைகிறேன் என்று சின்னவள் உட்கார்ந்தாள். எந்தப் படத்தையும் பார்க்காமல் மூன்று நாளில் முடித்தாள். யாருடையதும் இல்லாத முகம் என்று ஒன்று கைக்குத் தெரியாது போலிருக்கிறது. அது தனக்குத் தெரிந்த வழியே போய், தெரிந்த வீட்டின் கதவைத் தட்டிவிட்டது. மூடிய வாய், லேசாகச் சுருங்கிய புருவம். 'கறுப்புக் குடை' என்று ஒருவர் சொன்னதும், இருக்கிற நாற்பது கறுப்புக் குடையையும் நினைத்துக்கொண்டு அக்கா பார்ப்பாளே, அதே பார்வை. அதைத்தான் ஊர் கருணை என்று கும்பிட்டுக்கொண்டிருந்தது.

அக்கா பார்ப்பதற்குள் தானே போய்ச் சொல்லிவிடுவது என்று மறுநாள் காலை ரயில் நிலையத்துக்கு ஓடினாள். கவுன்ட்டர் முன்னால் எழுபது எண்பது பேர் நின்றார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்று அக்கா கையை உயர்த்தினாள்.

எண்பது கைபேசிகள் ஒரே நேரத்தில் மின்னின. ஓவியத்து முகத்தைக் கவுன்ட்டரில் பார்த்திருந்த யாரோ ராத்திரியே ஊருக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"ஏய், இங்க வாடி," என்று அக்கா தங்கையைக் கண்டதும் கம்பி வழியாகக் கூப்பிட்டாள். "காலைலேருந்து ஒருத்தரும் ஒண்ணும் தொலைக்கல. ஆனா எல்லாரும் வர்றாங்க. என்ன தொலைஞ்சுதுன்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மா, நீங்க கையை மட்டும் தூக்குங்கங்கறாங்க. எனக்குப் பைத்தியமா, இவங்களுக்கா?"

சின்னவள் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போய், கேட்பாரற்ற பெட்டிகளின் நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அக்கா ஒரு குடையில் கட்டியிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று மாதம், என்று சின்னவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டாள். இந்த வயதில் ஆறு மாதமாகக்கூட ஆகலாம்.

"பல்லு?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. வாய் மூடித்தான் இருக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப நான் பாக்கணும்," என்று அக்கா எழுந்து, 'உணவு இடைவேளை' பலகையைக் காலை பத்து மணிக்கே மாட்டினாள்.

கூடத்து வாசலில் காவலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்து, "செருப்பு," என்றார். அக்கா கழற்றினாள். உள்ளே நடந்தாள். யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்து மூச்சை இழுத்தார். பிறகு பக்கத்திலிருந்தவர். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அக்கா ஓவியத்துக்கு முன்னால் போய் நின்று, அண்ணாந்து தன்னைத்தானே பார்த்தாள். தங்க ஒளி. ஒன்றரை ஆள் உயரம். பின்னாலிருந்து எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். அக்கா பழக்கதோஷத்தில் திரும்பி, கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க."

கூரை அதிர்ந்தது. ஒருவர் அழுதேவிட்டார்.

அக்காவின் காது நுனி சிவப்பதைச் சின்னவள் பார்த்தாள். கோபம் என்று நினைத்தாள். கோபமாக இருந்திருக்கலாம்.

மறுநாள் அக்கா, பத்து வருடமாக எடுக்காத லீவு அத்தனையையும் சேர்த்து எடுத்தாள். கூடத்துக்காரர் ஓவியத்துக்குக் கீழே உயரமான நாற்காலி ஒன்றைப் போட்டார். அக்கா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இது ஏதுக்கா?"

"கவுன்ட்டர்ல கெடந்தது. மூணு வருஷமா யாரும் கேக்கல. லைட் கண்ணைக் கூசுதுடி."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நடை மெதுவானது. ஒரு விரலை அசைத்தால் தண்ணீர் வந்தது. இரண்டாம் நாள் முதல் தன்னை 'நாங்க' என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். "நாங்க இப்பல்லாம் டீ குடிக்கறதில்ல," என்று தங்கையிடமே சொன்னாள். சொன்னபோது அவள் பார்வை தங்கையின் தலைக்கு மேலே எங்கோ, கேமரா இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரு மனிதர் கைக்குழந்தையை நீட்டி, "இவனுக்கு ஒரு லட்சம் ஃபாலோயர் வரணும்," என்று வேண்டிக்கொண்டார். அக்கா குழந்தையின் நெற்றியைத் தொட்டு, "வரும், வரும். பொறுமையா இருக்கணும்," என்றாள். குடை தொலைத்தவர்களிடம் சொல்கிற அதே பதில்தான். ஆனால் இப்போது அதற்குக் கைதட்டல் கிடைத்தது.

சின்னவள் தனியாகப் போராடினாள். 'இது ஓவியத்தின் தலைப்பு. அறிவிப்பு அல்ல' என்று கையால் எழுதி, அட்டைக்குக் கீழே ஒட்டினாள். மக்கள் அதையும் பக்தியோடு நின்று படித்தார்கள். ஒரு பெரியவர் நோட்டில் எழுதிக்கொண்டு, "தத்துவம் ஆழமா இருக்கு," என்றார். ஒயரைச் சுட்டிக் காட்டி, "இது ரிங் லைட்டுங்க, ஒளிவட்டம் இல்ல," என்று அழகு நிலையக்காரியிடம் விளக்கினாள். "என்ன மாடல்னு தெரியுமா? நானும் ஒண்ணு வாங்கணும்," என்றாள் அவள்.

இதையெல்லாம்கூடச் சின்னவள் தாங்கியிருப்பாள். வெள்ளிக்கிழமையைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா தனிக்கட்டை. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் நேரே தங்கை வீட்டுக்கு வருவாள். இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். பிறகு பால்கனியில் இரண்டு நாற்காலியைப் போட்டு, எதிர்க்கட்டிடத்து ஜன்னல்களைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்காருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மொத்தம் நாலைந்து வார்த்தை. "காத்து வருது." "ம்." அவ்வளவுதான். சின்னவளுடைய வாரம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் போய்ச் சாய்ந்துகொள்ளும். பேசாமல் தண்டிக்கத் தெரிந்த அக்காவுக்குப் பேசாமல் கூட இருக்கவும் தெரியும். இரண்டும் வேறு வேறு மௌனம் என்பது உலகத்தில் இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. போனில் கேட்டபோது, "வெள்ளிக்கிழமைதான் கூட்டம் அதிகம்டி. மக்கள் ஏமாந்துடுவாங்க," என்றாள். பின்னால் கைதட்டல் கேட்டது.

"அப்ப அடுத்த வாரம்?"

"கூடத்துக்காரர்கிட்ட சொல்லி வை. அவருதான் எங்க நேரத்தைப் பாத்துக்கறாரு."

சின்னவள் இரண்டு நாற்காலியையும் பால்கனியில் போட்டுவிட்டு, ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றைப் பார்த்தாள். பேசாத அக்காவோடு மூன்று மாதம் வாழ்ந்தாயிற்று. 'நாங்க' என்கிற அக்காவோடு ஒரு வாரம் முடியவில்லை. பேசாமல் போனாலும் போகட்டும், அக்காவாகப் போகட்டும் என்று தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று காலை தூரிகையும் ரெண்டு ட்யூப் வண்ணமும் எடுத்துக்கொண்டு, கூடம் பெருக்கத் திறந்த நேரத்துக்குப் போய்விட்டாள்.

காவலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா பண்ணப் போறீங்க?"

"பாக்கி இருந்த வேலை."

அவள் மூடியிருந்த உதட்டைத் திறந்தாள். மேல்வரிசை முன்பல் இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று. யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் பல். முப்பத்தாறு வருடத்துக்கு முன்பு வரைந்ததைக் கை அப்படியே வைத்திருந்தது. ஒரு கோடுகூடத் தப்பவில்லை. அக்ரிலிக், பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. தூரிகையைத் துடைத்துக்கொண்டு ஏணியின் கீழ்ப்படிக்கு இறங்கினாள். இனி ஊர் சிரிக்கும், கும்பிடுவதை நிறுத்தும், அக்கா வருவாள், பார்ப்பாள், பேசமாட்டாள்.

கதவு திறந்தது. முதலில் நுழைந்தவர் நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் இடித்து நின்றார்கள்.

"சிரிச்சிருக்கா!" என்று ஒரு குரல் கீறிக்கொண்டு கிளம்பியது. "லைக்கம்மா சிரிச்சிருக்கா!"

சின்னவள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் தெரு அடைபட்டது. நேற்று வரை மூடியிருந்த வாய் இன்று திறந்திருப்பதைக் கைபேசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அழகு நிலையக்காரி தன் நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் தூக்கிப் பிடித்து, "சாட்சி! சாட்சி!" என்று கத்தினாள். "நான்தாங்க வரைஞ்சேன், இப்பத்தான், ஏணி போட்டு," என்று சின்னவள் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னாள். "குடுத்து வச்ச கை," என்று ஒருவர் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையில் இருந்த வெள்ளை வண்ணம் அவர் இமையில் ஒட்டிக்கொண்டது. கூடத்துக்காரர் செருப்பில்லாமல் குதித்துக்கொண்டிருந்தார். வாசலில் காவலாளி செருப்பு மலைக்கு நடுவே கழுத்துவரை நின்றார்.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள். கறுப்புக் கண்ணாடி, மெதுவான நடை. வழக்கம்போலக் கூட்டம் பிளக்கும் என்று வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். கூட்டம் பிளக்கவில்லை. எல்லா முகமும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவள் இடித்துப் பிடித்து உள்ளே வந்து, கண்ணாடியைக் கழற்றி, அண்ணாந்தாள்.

ஒன்றரை ஆள் உயரத்தில், தங்க ஒளியில், அந்தப் பல்.

சின்னவள் ஏணிப் படியிலிருந்து அக்காவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் வாய் பழைய வழக்கப்படி இறுக மூடிக்கொண்டது. கை தானாக எழுந்து வாயை மறைத்தது.

"கொஞ்சம் நகருங்கம்மா, மறைக்குது," என்றார் பின்னால் நின்றவர்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "நான்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியுதும்மா, எல்லாரும்தான் பாக்கணும். வரிசைல வாங்க." கைக்குழந்தையை நீட்டிய அதே மனிதர். அக்காவின் மூடிய வாயையும் மேலே சிரிக்கிற வாயையும் ஒரு தடவை பார்த்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் போனார். உயரமான நாற்காலியின்மேல் நாலு பேர் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா திரும்பி வெளியே போனாள். சின்னவள் ஏணியை விட்டு இறங்கிப் பின்னாலேயே ஓடினாள்.

வாசலில் நானூறு ஜோடி. அக்கா குனிந்து தேடினாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"என்னம்மா, செருப்பா?" என்றார் காவலாளி. இத்தனை நாளில் அவருக்குத் தொழில் பழகிவிட்டிருந்தது. "எப்படி இருக்கும்?"

"கறுப்பு," என்றாள் அக்கா.

"கறுப்புதாம்மா எல்லாம். அடையாளம் ஏதாச்சும்?"

"கொஞ்சம்... பழசு. சாதாரணமா இருக்கும்."

"எங்க விட்டீங்க?"

"இங்கதான். இங்கதான் எங்கயோ."

காவலாளி வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். "கொஞ்சம் இருங்க."

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாகக் கவுன்ட்டரில் அவள் அதன் பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். ஒன்றைத் தொலைத்துவிட்டு அதன் எதிர்ப்பக்கத்தில் நின்றது இதுதான் முதல் தடவை. அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று சின்னவள் பயந்து கிட்டே போனாள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் முழுக்கத் திறந்து, கையால் மூடாமல், அந்த இரண்டு பல்லும் வெயிலைப் பார்க்க.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் உள்ளே போகிற அவசரம்.

செருப்பு கிடைக்கவில்லை. சின்னவள் ஏணியில் ஏறப்போகிறவள் என்று காவலாளி காலையில் விட்டுவைத்ததால், அவள் செருப்பு காலிலேயே இருந்தது. ஒன்றைக் கழற்றி அக்காவிடம் தள்ளினாள். அக்கா போட்டுக்கொண்டாள். தரை சுட்டது. இரண்டு பேரும் ஒரு கால் ஊன்றி ஒரு கால் தத்தி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, நொண்டி ஆடுகிற சிறுமிகளைப் போலப் பஸ் நிறுத்தம் வரை போனார்கள். பாதி வழியில் அக்கா கறுப்புக் கண்ணாடியைப் பைக்குள் போட்டாள். "திங்கக்கிழமை திரும்ப வச்சிடணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பஸ் வந்தது. அக்கா கையை உயர்த்தினாள், உள்ளங்கை நன்றாகத் தெரிய.

பஸ் நிற்காமல் போய்விட்டது.

"பாத்தியாடி," என்றாள் அக்கா, தூசியைக் கையால் விசிறியபடி. "அவனுக்கு லைக் வேணாம் போல."

சின்னவளுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது, பல்லைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தாள். மன்னிப்பு மாதிரி ஏதாவது. வாயைத் திறந்தாள். அக்கா அதே கையை அவள் பக்கம் திருப்பினாள். கொஞ்சம் இரு.

அடுத்த பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெறுங்காலை மடித்து மேலே வைத்துக்கொண்டார்கள். எதிரே ஒரு கட்டிடம், அதில் ஜன்னல்கள்.

"காத்து வருது," என்றாள் அக்கா.

"ம்," என்றாள் சின்னவள்.